தென்முனை வானில் ஒரு துளை

(நூற்றாண்டு விழாவின் விஞ்ஞான அரங்கில், உயர்தர விஞ்ஞானப் பிரிவின் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நூற்றாண்டு விழாவில் விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கம் எங்களைக் கேட்டபோது, எதைப் பேசுவது என்று நாங்கள் பல நாட்கள் தொலைபேசியில் கலந்து பேசினோம். எங்களுள் ஒருத்தி மெல்பேணில் இருக்கிறாள், ஒருத்தி ரொரன்ரோவில், இருவர் கொழும்பில், மற்றவர்கள் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறோம். எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நினைவு இருந்தது. அந்த நினைவில் இருந்துதான் இந்த உரை தொடங்குகிறது.

1990இல் மின்சாரம் நின்றுபோன பிறகு எங்கள் வீடுகளில் இருந்த குளிர்சாதனப் பெட்டிகள் என்னவாயின என்று உங்களுக்கு நினைவிருக்கும். கதவு நன்றாக மூடும், எலி புகாது, எறும்பு வராது. ஆகவே அரிசி வைத்தோம், மா வைத்தோம், சான்றிதழ்களையும் பாடக் கொப்பிகளையும் வைத்தோம். ஆண்டுக்கணக்கில் அவை நல்ல அலுமாரிகளாக உழைத்தன. பின்பு மின்சாரம் வந்ததும் பழுதுபார்க்கிறவர் வந்தார். பின்புறக் குழாயை வெட்டினார். "ஸ்ஸ்..." என்று ஒரு சத்தம் கேட்டது. பழைய வாயு போய்விட்டது, இனிப் புதிதாக அடிக்கலாம் என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

அந்தச் சத்தத்தோடு வெளியேறியது என்ன, அது எங்கே போனது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

முதலில் ஓசோன் பற்றிச் சுருக்கமாக. நாம் சுவாசிக்கும் ஒட்சிசன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள், ஓசோனில் மூன்று. வளிமண்டலத்து ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு தரையில் இருந்து ஏறத்தாழ 15 முதல் 35 கிலோமீற்றர் உயரத்தில், படைமண்டலத்தில் இருக்கிறது. சூரியனில் இருந்து வரும் கழியூதாக் கதிர்களில் உயிர்களைத் தாக்கக்கூடிய பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடுகிறது. இந்தப் படை எவ்வளவு தடிப்பானது? நம் தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் திரட்டிக் கடல்மட்ட அமுக்கத்துக்கும் பூச்சியப் பாகை வெப்பநிலைக்கும் கொண்டுவந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான் வரும். இரண்டு ரூபாய்க் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தது போன்ற தடிப்பு. இதனை அளக்கும் கருவியை 1920களில் ஒக்ஸ்போட்டில் அமைத்தவர் டொப்சன். அவர் பெயரிலேயே அளவு அலகும் வழங்குகிறது. 3 மில்லிமீற்றர் என்பது 300 டொப்சன் அலகு.

இனி அந்த வாயுவின் கதை. 1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தகவீரொட்சைட்டு, மீதைல் குளோரைட்டு ஆகியன பயன்பட்டன. எல்லாம் நச்சு. ஒழுகினால் வீட்டில் தூங்குபவர்கள் எழும்பமாட்டார்கள். அப்படியே அமெரிக்காவில் சிலர் இறந்தும் போனார்கள். இதற்கு மாற்றுத் தேடியவர் தோமஸ் மிட்ஜ்லி என்னும் பொறியியலாளர். 1928இல் அவரும் உடனிருந்தவர்களும் காபன், குளோரீன், புளோரீன் சேர்ந்த ஒரு சேர்வையைக் கண்டார்கள். அதுதான் குளோரோபுளோரோகாபன், சுருக்கமாகச் சி.எப்.சி. 1930இல் இரசாயனவியலாளர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தாமே உள்ளிழுத்து, எரியும் மெழுகுதிரியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்!

அதன் பிறகு குளிர்சாதனப் பெட்டி, வளிச்சீராக்கி, வாசனைத் திரவிய ஸ்பிறே, மெத்தைக்குள் இருக்கும் நுரை, இலத்திரனியல் பாகங்களைக் கழுவும் திரவம் என்று எங்கும் அது புகுந்தது. எங்கள் இரசாயனவியல் ரீச்சரும் கரும்பலகையில் அதன் கட்டமைப்பைக் கீறி, "பிள்ளைகள், இது எதனோடும் தாக்கம் புரியாது" என்று கற்பித்தது எங்கள் காதில் இருக்கிறது. ரீச்சர் சொன்னது பிழையில்லை. தரைமட்டத்தில் அது எதனோடும் தாக்கம் புரிவதில்லை. அதனால்தான் அது அழிவதும் இல்லை. மழை கழுவாது, கடல் கரைக்காது. ஒருமுறை வெளிவிட்டால் வகையைப் பொறுத்து ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டு வளியிலேயே இருக்கும்.

1971-72இல் ஜேம்ஸ் லவ்லொக் என்ற ஆங்கில விஞ்ஞானி தாம் அமைத்த நுண்ணிய உணர்கருவியோடு இங்கிலாந்தில் இருந்து அந்தாட்டிக்காவரை கப்பலில் போனார். தொழிற்சாலையே இல்லாத தென்கடலிலும் அவர் எடுத்த வளியில் சி.எப்.சி. இருந்தது. அப்படியானால் இதுவரை வெளிவிட்டதெல்லாம் இன்னும் வானத்தில்தான் இருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஷேர்வூட் றோலண்டும், மெக்சிக்கோவில் இருந்து அவரிடம் வந்து சேர்ந்த இளைஞர் மரியோ மொலினாவும். 1974 யூனில் அவர்கள் விடையை வெளியிட்டார்கள்.

விடை இதுதான். கீழே எதுவும் தொடாத மூலக்கூறு மெல்ல மெல்லப் படைமண்டலம்வரை போகிறது. அங்கே ஓசோனைத் தாண்டியதும் கடுமையான கழியூதாக் கதிர் அதனை உடைக்கிறது. குளோரீன் அணு தனியாகிறது. அந்த அணு ஓசோனில் இருந்து ஓர் ஒட்சிசன் அணுவைப் பறிக்கிறது. ஓசோன் சாதாரண ஒட்சிசனாகிவிடுகிறது. பறித்த அணுவை வேறொரு ஒட்சிசன் அணுவிடம் கொடுத்துவிட்டுக் குளோரீன் மறுபடியும் வெறுங்கையோடு நிற்கிறது. அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. ஊக்கி என்று படித்தோமே, தான் செலவாகாமல் தாக்கத்தை நடத்துவது, அதுதான் இது. ஒரு குளோரீன் அணு செயலிழக்கும் முன் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும்.

இதனைச் சொன்ன இருவருக்கும் உடனே மாலை விழவில்லை. உற்பத்தி செய்த கம்பனிகள் மறுத்தன. கணிப்பு மட்டும் போதுமா, சான்று எங்கே என்று கேட்டார்கள். 1978இல் அமெரிக்கா ஸ்பிறேக்களில் சி.எப்.சி.யைத் தடைசெய்தது. ஆனால் மற்றப் பயன்பாடுகள் தொடர்ந்தன.

சான்று எதிர்பாராத இடத்தில் இருந்து வந்தது. அந்தாட்டிக்காவின் பனித்தட்டு ஒன்றின்மேல் ஹலி என்னும் பிரித்தானிய ஆய்வு நிலையம் 1956இல் அமைந்தது. அங்கே டொப்சன் கருவி ஒன்று இருந்தது. குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கும் சில பேர், வானிலை விடும் நாட்களில் அதனால் ஓசோனை அளந்து தாளில் எழுதி வைத்தார்கள். ஆண்டுக்காண்டு அதே வேலை. பெரிதாக எதுவும் மாறுவதில்லை. இந்த அளவையால் என்ன பயன், பணம்தான் வீண் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பொறுப்பாயிருந்த ஜோ பாமன் நிறுத்தவில்லை. 1977இல் வேலைக்குச் சேர்ந்த ஜொனதன் ஷாங்க்லின் என்ற இளைஞருக்குக் கிடைத்த பணி, கையால் எழுதிக் குவிந்து கிடந்த அந்த எண்களைக் கணினிக்கு ஏற்றுவது.

எண்கள் வரிசையாக நின்றபோது உண்மை தெரிந்தது. ஒக்ரோபர் மாதத்தில், அதாவது தென்முனையின் இளவேனிலில், முன்பு 300 டொப்சன் அலகாக இருந்த ஓசோன் 1984இல் ஏறத்தாழ 200ஆகக் குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு இல்லை. பாமன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதத்தில் இதனை வெளியிட்டார்கள். விண்ணில் இருந்து அளந்துகொண்டிருந்த அமெரிக்கச் செய்மதியும் அந்தக் குறைந்த எண்களைப் பதிவு செய்துதான் இருந்தது. ஆனால் நம்பமுடியாத அளவு குறைந்தவை என்று அவை சந்தேகக் குறியிட்டு ஒதுக்கப்பட்டிருந்தன. திரும்ப எடுத்துப் பார்த்தபோது, அந்தாட்டிக்காவையே மூடும் அளவுக்கு ஒரு பள்ளம் தெரிந்தது. அதனைத்தான் உலகம் ஓசோன் துளை என்றது. துளை என்றாலும் ஒன்றுமில்லாத ஓட்டை அல்ல; படை மிகமிக மெலிந்த பரப்பு.

இப்போது நாங்கள் படித்தபோது எங்களையே அதிகம் வியக்க வைத்த கேள்விக்கு வருகிறோம். ஸ்பிறே அடித்தவர்களும் வளிச்சீராக்கி வைத்தவர்களும் பெரும்பாலும் வட அரைக்கோளத்தில். துளை விழுந்ததோ மனிதரே குடியில்லாத தென்முனையில். ஏன்?

இதற்கு விடை தந்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். சூசன் சொலமன், அமெரிக்க இரசாயனவியலாளர். 1986இல் அந்தாட்டிக்காவின் மக்மேடோ நிலையத்துக்குப் போன ஓசோன் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது முப்பது. இந்த மண்டபத்தில் இருக்கும் உயர்தர மாணவிகள் அந்த வயதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கம் இது. வளியில் உள்ள குளோரீனில் பெரும்பகுதி சும்மா அலைவதில்லை. ஐதரசன் குளோரைட்டு, குளோரீன் நைத்திரேற்று என்னும் இரண்டு சேர்வைகளுக்குள் பூட்டப்பட்டு இருக்கிறது. பூட்டியிருக்கும்வரை ஓசோனுக்கு ஆபத்தில்லை. அந்தாட்டிக்காவில் குளிர்காலம் வந்தால் சூரியன் மாதக்கணக்கில் உதிக்காது. அப்போது முனையைச் சுற்றிப் பலத்த காற்று வளையமாகச் சுழல்கிறது. உள்ளே இருக்கும் வளி வெளியே போகாது; வெளியே இருக்கும் வெப்பமான வளி உள்ளே வராது. உள்ளே வெப்பநிலை சைபருக்குக் கீழே 78 பாகை செல்சியசையும் தாண்டி இறங்குகிறது. இவ்வளவு குளிரில்தான், வழக்கமாக முகிலே இல்லாத படைமண்டலத்தில், நைத்திரிக்கமிலமும் பனியும் சேர்ந்து முகில் உண்டாகிறது. சிப்பியின் உட்புறம்போல நிறம் காட்டும் அழகான முகில். அந்த முகில் துணிக்கைகளின் மேற்பரப்பில், பூட்டியிருந்த இரண்டு சேர்வைகளும் ஒன்றோடொன்று தாக்கமடைந்து குளோரீன் வாயுவை விடுவிக்கின்றன. இருட்டில் அது காத்திருக்கிறது. செப்ரெம்பரில் சூரியன் எட்டிப் பார்த்ததும் குளோரீன் மூலக்கூறுகள் அணுக்களாக உடைகின்றன. அதன் பின்பு சில வாரங்களில் 14 முதல் 20 கிலோமீற்றர் உயரத்துக்கு இடைப்பட்ட ஓசோன் கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்துபோகிறது.

அந்த உயரத்தில் தனி ஒட்சிசன் அணுக்கள் அரிது. பிறகு எப்படித் தாக்கம் இவ்வளவு வேகமாகச் சுழல்கிறது? இரண்டு குளோரீன் ஓரொட்சைட்டு மூலக்கூறுகள் ஒன்றாக இணைந்து, சூரிய ஒளியில் உடைந்து, மீண்டும் குளோரீன் அணுக்களைத் தருகின்றன என்று 1987இல் காட்டியவர்கள் லூயிசா மொலினாவும் மரியோ மொலினாவும். இங்கும் ஒரு பெண்ணின் பெயர் முதலில் நிற்கிறது.

ஆக, தென்முனையில் குற்றம் எதுவும் நடக்கவில்லை. உலகம் முழுவதும் வெளிவிட்ட வாயு எல்லா இடமும் பரவியிருக்கிறது. அதனைச் செயற்படுத்தும் குளிரும் முகிலும் அங்கேதான் இருக்கின்றன. வடமுனையைச் சுற்றி மலைகளும் தரையும் இருப்பதால் காற்று வளையம் அடிக்கடி குலைந்துவிடும், அவ்வளவு குளிராது. ஆனாலும் 2011இலும் 2020இலும் மிகக் குளிர்ந்த இளவேனில்களில் ஆட்டிக் வானிலும் பெரும் இழப்பு ஏற்பட்டது.

சொலமன் குழுவினர் மக்மேடோவில் கடுங்குளிரில், நிலவொளியைக்கூடக் கருவிக்குள் செலுத்தி, குளோரீன் சேர்வைகள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை அளந்தார்கள். 1987இல் சிலி நாட்டின் புன்ரா அரெனாசில் இருந்து ஓர் ஆய்வு விமானம் துளைக்குள்ளேயே பறந்தது. அதில் இருந்த ஜேம்ஸ் அன்டர்சனின் கருவி, குளோரீன் ஓரொட்சைட்டு எங்கே கூடுகிறதோ அங்கே ஓசோன் விழுவதைக் கோடு கோடாகக் கீறிக் காட்டியது. அதன் பின்பு வாதாட இடமிருக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். அந்த விமானத்தின் முடிவுகள் வெளிவரும் முன்பே, 1987 செப்ரெம்பர் 16இல், 24 நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகமும் கனடாவின் மொன்றியலில் உடன்படிக்கையில் ஒப்பமிட்டுவிட்டன. முழு உறுதி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் செப்ரெம்பரும் அடுத்து வந்த ஒக்ரோபரும் நம் ஊரில் எப்படி இருந்தன என்று இந்த மண்டபத்தில் சொல்லத் தேவையில்லை. மொன்றியல் என்ற பெயரை அன்று நாம் கேள்விப்பட்டதும் இல்லை. நம் தலைக்கு மேலான ஒரு காரியம் நமக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. அது நன்மையான காரியமாக இருந்தது என்பதை நினைக்க இப்போது ஆறுதலாக இருக்கிறது.

முதலில் சி.எப்.சி.யைப் பாதியாகக் குறைப்பது என்றுதான் தீர்மானம். 1990இல் லண்டனில் கூடி முற்றாக நிறுத்துவது என்றார்கள். வளர்முக நாடுகளுக்குச் செலவுக்கு நிதியமும் அமைத்தார்கள். செல்வந்த நாடுகள் 1996இலும் மற்ற நாடுகள் 2010இலும் நிறுத்தவேண்டும் என்பது ஏற்பாடு. இலங்கை 1989இலேயே இணைந்தது. 2001 ஒக்ரோபரில் உடன்படிக்கை நாடுகளின் 13ஆவது கூட்டம் கொழும்பில் நடந்தது. தேயிலை நாற்றுமேடைகளின் மண்ணுக்குப் புகையூட்டிய மீதைல் புரோமைட்டும் ஓசோனை அழிப்பதே. அதற்கும் நம் நாட்டில் மாற்று வழிகள் காணப்பட்டன. இன்று உலகின் 198 தரப்பினர் இதில் இணைந்திருக்கிறார்கள். இவ்வளவு பேரும் ஒன்றாக ஒப்பமிட்ட உடன்படிக்கைகள் மிகச் சில.

பலன் கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் மெதுவாக. 2006இல் துளையின் பரப்பு ஏறத்தாழ 270 இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் தீவைப்போல் நானூறு மடங்குக்கும் மேல். ஆண்டுக்காண்டு ஏற்ற இறக்கம் இருந்தாலும் வளியில் குளோரீன் குறைந்து வருகிறது. ஐக்கிய நாடுகளின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இப்போதைய ஒழுங்கு தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும், வடமுனையில் 2045 அளவிலும், அந்தாட்டிக்காவில் 2066 அளவிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். இந்த ஆண்டு எங்கள் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அப்போது ஐம்பது வயதை அண்மித்திருப்பாள். அவளுடைய அப்பம்மா வெளிவிட்ட வாயு அதுவரை வானத்தில் இருக்கும்.

காவலும் தேவை. 2018இல், நின்றுபோயிருக்க வேண்டிய ஒருவகைச் சி.எப்.சி. மறுபடியும் அதிகமாக வெளியேறுவதை விஞ்ஞானிகள் கண்டார்கள். அடுத்த ஆண்டு அதில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவில் இருந்து வருவதாகக் காட்டினார்கள். பின்பு அது குறைந்தது. யாரோ ஒருவர் நாளாந்தம் அளந்துகொண்டிருந்ததால்தான் அது வெளிப்பட்டது.

மெல்பேணில் இருக்கும் எங்கள் தோழி ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்லச் சொன்னாள். துளை எப்போதும் அவுஸ்திரேலியாவின் மேல் நிற்பதில்லை. இளவேனில் முடிவில் காற்று வளையம் உடையும்போது ஓசோன் குறைந்த வளி சிதறி வடக்கே வருகிறது. 1987 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அப்படி ஓசோன் குறைந்தது பதிவாகியது. ஆனால் அங்கே தோற்புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு முக்கிய காரணம் கடும் வெயிலும் வெண்ணிறத் தோலுமே. இன்னொன்று: ஓசோன் துளையும் பூமி வெப்பமடைவதும் ஒன்றல்ல. ஆயினும் சி.எப்.சி. வெப்பத்தையும் பிடித்து வைக்கும். அதற்குப் பதிலாக வந்த சில வாயுக்கள் ஓசோனை விட்டாலும் வெப்பத்தைப் பிடிக்கும். அவற்றையும் குறைக்க 2016இல் கிகாலியில் உடன்பட்டிருக்கிறார்கள்.

நம் நாடு வெப்பவலயத்தில் இருக்கிறது. துளை நம் தலைக்கு மேல் இல்லை. அப்படியிருக்க இதனை ஏன் இங்கே பேசினோம்?

எங்கள் காலத்தில் பாடசாலையில் ஒரு மழைமானி இருந்தது. புவியியல் ரீச்சர் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரை நியமிப்பார். காலைப் பிரார்த்தனைக்கு முன் அளந்து, நீலமட்டைப் பதிவேட்டில் எழுதவேண்டும். மழை இல்லாத நாளில் பூச்சியம் எழுதவேண்டும். "பூச்சியம்தானே ரீச்சர்" என்று நாங்கள் சலித்தால், "பூச்சியமும் ஓர் அளவுதான் பிள்ளை" என்பார். 1995 ஒக்ரோபர் இறுதியில் ஊரே எழும்பி நடந்தபோது அந்தப் பதிவேடும் போயிற்று. திரும்பி வந்தபோது மழைமானியும் இல்லை. ஹலியின் பழைய எண்களைப் பற்றிப் படித்தபோது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது அந்த நீலமட்டைதான். இழந்த ஆண்டுகளை யாராலும் இனி எழுத முடியாது. ஆனால் நாளைக் காலை இருந்து எழுதலாம்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு.

முதலாவது, இந்த நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு ஒரு சிறு வானிலை அவதான நிலையம் அமைத்துத் தரவேண்டும். மழைமானியும் வெப்பமானிகளும் ஒரு பதிவேடும் போதும். மாணவிகள் நாளாந்தம் எழுதட்டும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு பிரதி பாடசாலைக்கு வெளியிலும் இருக்கட்டும். அதனைக் காக்கும் பொறுப்பை வெளிநாட்டுக் கிளைகள் ஏற்கலாம்.

இரண்டாவது, ஆய்கூடத்தின் மூலையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி இன்னும் நிற்கிறது. அதனைப் பழைய இரும்புக்குப் போடும் முன், வாயுவைச் சிலிண்டரில் மீளப் பிடிக்கத் தெரிந்த பயிற்சிபெற்ற ஒருவரை அழைக்கும்படி அதிபர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீடுகளில் உள்ளவற்றுக்கும் அப்படியே செய்யுங்கள். "ஸ்ஸ்" என்ற அந்தச் சத்தம் கேட்டால், இனித் தலையாட்டாதீர்கள்.